வகைப்பாட்டில் நிலையைத் தனியாக எழுத வேண்டுமா?

கேள்வி: தொழில் வகைப்பாடு ஒன்றை ஸ்கோஸில் (SKOS: வகைப்பாடுகளைக் கணினி படிக்கும்படி எழுதும் தரம்) ஏற்றுகிறேன். குறியீட்டைப் பார்த்தாலே நிலையும் மேல் வகையும் தெரிந்துவிடுமே, தனியாக எழுதுவானேன்?

தெரியாது என்பதுதான் சிக்கல். ஐ.நா.வின் தொழில் வகைப்பாடான ஐஎஸ்ஐசி (ISIC) நான்காம் திருத்தத்தில் நெல் சாகுபடி 0112. அதற்கு மேலே 011, அதற்கும் மேலே 01. சரி, 01-க்கு மேலே? 'ஏ' என்ற பிரிவு. அந்த எழுத்து 0112-இல் எங்குமே இல்லை! இங்கே குறியீட்டின் நீளமாவது நிலையைச் சொல்கிறது. டியூயி நூலக முறையில் அதுவும் கிடையாது. 800 இலக்கியம், 890, அதற்குள் 894: மூன்றுமே மூன்று இலக்கம், ஆழமோ வேறு வேறு. (தமிழ் இலக்கியம் இன்னும் கீழே, 894.811-இல் உட்கார்ந்திருக்கிறது.)

ஸ்கோஸ் 'இதைவிட விரிந்தது', 'குறுகியது' என்ற உறவோடு நின்றுவிடும். நிலை என்ற கருத்தே அதில் இல்லை. அதன் நீட்சியான எக்ஸ்கோஸில் (XKOS) நிலை தனிப்பொருள்; ஆழ எண்ணை ஒவ்வொரு வகைக்கும் ஒட்டாமல், நிலைக்கு ஒரே முறை கொடுத்தால் போதும். வகைகள் அந்த நிலையின் உறுப்பினர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஐஎஸ்ஐசியில் மூன்றாம் நிலையின் 021-உம் நான்காம் நிலையின் 0210-உம் ஒரே காடு வளர்ப்புதான். 'இரட்டிப்பு' என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள்; 0210 போனால் நான்காம் நிலைக் கூட்டுத்தொகையில் ஓட்டை விழும்.