பீரங்கியின் எடையும் குண்டுகளின் எடையும்

கேள்வி: ட்ரோன்களும் ஏவுகணைகளும் போர்முறையையே மாற்றிவிட்ட காலத்தில், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம் என்பதற்காக 145 எம்-777 பீரங்கிகளை எழுபது கோடி டாலருக்கு மேல் கொடுத்து அமெரிக்காவிடம் இந்தியா வாங்கியது வீண் செலவுதானே? விமானப்படையால் செய்ய முடியாத எதை இவை செய்துவிடும்?

பதில்: வானிலை கெட்ட நாளிலும் சுடும். இதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்ட 1982இல், மே 28 அன்று அத்தீவுகளின் கூஸ் கிரீனைப் பிரிட்டிஷ் பாராசூட் ரெஜிமென்ட்டின் 2ஆம் பட்டாலியன் தாக்கியபோது, மோசமான வானிலையால் ஹாரியர் போர் விமானங்கள் பகலின் பெரும்பகுதி உதவிக்கு வர முடியவில்லை. துணைக்கு வந்த போர்க்கப்பலின் பீரங்கியோ இரவிலேயே பழுதாகி நெடுநேரம் சுடாமல் நின்றது. சாலையே இல்லாத அந்தச் சதுப்பு நிலத்துக்கு ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட 105 மி.மீ. குழல் விட்டமுள்ள இலகு பீரங்கிகள் மூன்றுதான் பட்டாலியனுக்குத் துணை நின்றன, அவை போதவில்லை. பட்டாலியன் தளபதி உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே பட்டாலியன் ஜூன் 13 இரவில் வயர்லெஸ் ரிட்ஜைத் தாக்கியபோது அதன் பின்னால் இரண்டு பேட்டரிகள், அதாவது பன்னிரண்டு பீரங்கிகள், இலகு டாங்கிகளுடனும் கப்பல் பீரங்கியுடனும் சேர்ந்து சுட்டன. அன்று அது இழந்தது மூன்று பேரை. எதிரியின் மனநிலை, நிலப்பரப்பு என்று வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பீரங்கிகளின் எண்ணிக்கை வீரர்களின் உயிரோடு தொடர்புடையது என்பதை மறுக்க முடியாது.

கூஸ் கிரீனுக்கு ஏன் மூன்றே பீரங்கிகள் போயின? பிரிட்டிஷ் படையிடம் அந்த வகைப் பீரங்கிகள் இன்னும் பல இருந்தன. அவற்றைத் தூக்கிச் செல்லத்தான் வழியில்லை. மூன்று நாட்களுக்கு முன்புதான் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பலை அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணை தாக்க, அதிலிருந்த சினூக் என்ற கனரகச் சுமை ஹெலிகாப்டர்களில் மூன்று எரிந்துபோயின. வானத்தில் பறந்துகொண்டிருந்த ஒன்று மட்டுமே தப்பியது.

எடை குறைந்த பீரங்கி என்றால் பலம் குறைந்தது என்ற காலமும் இருந்தது. 1944இல் நெதர்லாந்தின் ஆர்னெமில் இறங்கிய பிரிட்டிஷ் வான்வழிப் படை கிளைடர்களில் கொண்டுவந்த 75 மி.மீ. பீரங்கி ஏறத்தாழ 650 கிலோதான். ஆனால் அதன் குண்டு ஆறு கிலோவை ஒட்டியது, எட்டும் தொலைவோ ஒன்பது கிலோமீட்டருக்குள். முற்றுகையில் சிக்கிய அப்படைக்குக் கடைசி நாட்களில் பெரிதும் கைகொடுத்தவை ஆற்றுக்குத் தெற்கேயிருந்து சுட்ட நடுத்தரப் பீரங்கிகளே. எம்-777 இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. டைட்டானியத்தைப் பெருமளவில் பயன்படுத்தியதால், முழுமையான 155 மி.மீ. பீரங்கியாக இருந்தும் அதன் எடை ஏறத்தாழ 4,200 கிலோவில் நிற்கிறது. போஃபர்ஸ் ஏறத்தாழ 12 டன், நம் நாட்டிலேயே உருவான அட்டாக்ஸ் 18 டன். இவற்றை அருணாச்சலத்தின் சாலையற்ற முகட்டுக்கு எந்த ஹெலிகாப்டராலும் நம்மால் கொண்டுபோக முடியாது. மலையின் மறுசரிவில் பதுங்கியிருப்பவர் மீது உயரக் கோணத்தில் 43 கிலோ குண்டை மணிக்கணக்கில் பொழிவதும், சில கிலோ வெடிமருந்தைச் சுமக்கும் சிறு ட்ரோனால் ஆகிற காரியம் அல்ல.

உங்கள் வாதத்தில் ஒரு பகுதி சரியானது. உக்ரைனின் திறந்த சமவெளியில், வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் பீரங்கிகள் ட்ரோன்களின் கண்ணில் பட்டு அழிவதை 2022 முதல் பார்த்துவருகிறோம். எம்-777களும் அதற்கு விலக்கல்ல. சுட்டவுடன் இடம் மாறாத பீரங்கிக்கு இனி நீண்ட ஆயுள் இல்லை. மலையில் மறைவிடங்கள் அதிகம். ஆனால் இடம் மாறும் வழிகள் குறைவு. ஆகவே உருமறைப்புக்கும் ட்ரோன் எதிர்ப்புக் கருவிகளுக்கும் பணம் ஒதுக்காமல் இந்தப் பீரங்கிகளை எல்லைக்கு அனுப்புவது தவறு.

ஆனால் செலவு வீண் என்று சொல்லும் நீங்கள், கணக்கில் சேர்க்க வேண்டிய பெரிய தொகையை விட்டுவிட்டீர்கள். 43 கிலோ குண்டுகள் நூறு சேர்ந்தால் ஒரு எம்-777இன் எடைக்குச் சமம், உந்துமருந்து தனி. நிமிடத்துக்கு இரண்டு என்ற சீரான வேகத்தில் சுட்டால் அந்த நூறும் ஐம்பது நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதாவது ஒரு பீரங்கியை ஒருமுறை மலைக்குத் தூக்கிவிட்டால், பிறகு அதே எடையை நாள்தோறும் பலமுறை தூக்க வேண்டியிருக்கும். அதுவும் காற்று அடர்த்தி குறைந்து ஹெலிகாப்டரின் சுமைதிறன் சரியும் உயரத்தில். நம் விமானப்படை வாங்கிய சினூக்குகள் பதினைந்து. அவற்றில் சில எப்போதும் பராமரிப்பில் இருக்கும். மீதமுள்ளவை ஆட்களையும் உணவையும் எரிபொருளையும் காயமடைந்தோரையும் சுமந்தாக வேண்டும். 145 பீரங்கிகளுக்கு இது போதாது என்பதே என் உறுதியான கருத்து. பீரங்கி வாங்கியதற்காக அல்ல, அதற்கு ஈடாக ஹெலிகாப்டர்களையும், மலையடிவாரக் கிடங்குகளில் போதிய குண்டுகளையும் சேர்க்காததற்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தைக் கேளுங்கள். அந்தக் கேள்வியில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.