அண்ணாச்சி, டூல் நேரே வைஸுக்குள் இறங்கிவிட்டது!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விஎம்சி (புரோகிராம் சொல்படி உலோகத்தை வெட்டுகிற செங்குத்து மில்லிங் மெஷின்) ஓட்டுகிற தம்பி தங்கைகளுடையவை. இடம் இருக்கிற மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். ஜி43 போன்ற புரோகிராம் குறியீடுகள் எல்லாம் ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலுக்குச் சொல்வது. வேறு கன்ட்ரோல் என்றால் மெஷினோடு வந்த புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐடிஐ முடித்து ஆறு மாதமாக விஎம்சி ஓட்டுகிறேன், அண்ணாச்சி. போன வாரம் ராத்திரி ஷிப்டில், டூலும் ஜாபும் மாட்டிக் கொடுக்கிற செட்டர் வரவில்லை. எண்ட் மில் (சுழன்று வெட்டுகிற டூல்) மழுங்கியதால் நானே புதுசு மாற்றி சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தினேன். டூல் ஜாபை (வெட்டுகிற பீஸை) துளைத்து, அதைப் பிடித்திருக்கிற வைஸ் வரைக்கும் இறங்கி ஒடிந்துவிட்டது. முதலாளி திட்டவில்லை. ஆனால் இப்போது பச்சை பட்டனைத் தொட்டாலே கை நடுங்குகிறது. (பேட்டை வாசகர்)

பதில்: தம்பி, எனக்கும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இதே மாதிரி நடந்தது. மேல்முகம் வழிக்கிற ஃபேஸ் மில் இறங்கி, ஜாபுக்கு அடியில் வைத்திருந்த பேரலல் என்கிற இரும்புப் பட்டை தெறித்துக் கதவுக் கண்ணாடியில் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நடுக்கம் போகும், ஆனால் தைரியத்தால் போகாது. பட்டனை அழுத்தும் முன்னால் டூல் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்தால்தான் போகும்.

நடந்தது பெரும்பாலும் இதுதான். பழைய டூல், அதைப் பிடிக்கிற ஹோல்டருக்கு வெளியே 40 மில்லிமீட்டர் நின்றிருக்கும், புதுசை 52 மில்லி விட்டுப் பிடித்திருப்பீர்கள், டூல் எவ்வளவு நீளம் என்று மெஷினுக்குச் சொல்கிற நீள ஆஃப்செட்டைத் திரும்ப எடுக்கவில்லை. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய நீளம், அதனால் சொன்ன இடத்தைவிட 12 மில்லி கீழே போய்விட்டது. இல்லையென்றால் ஐந்தாம் டூலைக் கூப்பிட்டுவிட்டு, டூல் நீளத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிற ஜி43-ல் ஆறாம் டூலின் நீளமான எச்06 என்று இருந்திருக்கும். டூல் எண்ணும் எச் எண்ணும் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும், அதில் மட்டும் சமாதானமே வேண்டாம்.

இனி டூல் மாற்றினால் இப்படிச் செய்யுங்கள். புரோகிராமில் ஜி43 வருகிற வரியில் டூல் நேரே வெட்டுக்குப் போகாமல் ஜாபுக்கு மேலே இசட் (உயர அச்சு) 50 மில்லியில் நிற்கிற மாதிரி எழுதுங்கள். வரிக்கு வரி நின்று ஓடுகிற சிங்கிள் பிளாக்கைப் போட்டு, வெட்டாமல் பாய்கிற வேகமான ரேபிடைக் கடைசிவரை குறைத்து, ஒரு விரலை நகர்வை நிறுத்துகிற ஃபீட் ஹோல்டில் வைத்துக்கொண்டு அந்த வரி வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள். டூல் நின்றதும் அதைச் சுற்றுகிற ஸ்பிண்டிலை நிறுத்தி, டூல் முனைக்கும் ஜாப் மேல்முகத்துக்கும் நடுவில் ஸ்கேலை வையுங்கள். 50 இருந்தால் தாராளமாகப் போகலாம். 38 இருந்தால் ஒரு எண்ட் மில்லும் ஒரு வைஸும் பிழைத்தன. இறங்கும்போதும் திரையில் 'டிஸ்டன்ஸ் டு கோ' என்கிற கட்டத்தைப் பாருங்கள். இன்னும் 30 மில்லி போக வேண்டும் என்று அது சொல்கிறது, கண்ணுக்கு இரண்டு விரல் இடம்கூட இல்லை என்றால் உடனே ஃபீட் ஹோல்ட்.

புதுப் புரோகிராம் என்றால் ஆஃப்செட் பக்கத்தில், ஜாபின் பூஜ்யம் எங்கே என்று சொல்கிற ஜி54-க்கு மேலே இருக்கிற இஎக்ஸ்டி (EXT) வரிசையில் இசட்டுக்கு 100 போடுங்கள். முழுப் புரோகிராமும் 100 மில்லி மேலே காற்றில் ஓடும். ஓட்டிப் பார்த்ததும் அதைப் பூஜ்யமாக்க மறக்கக் கூடாது. டிரை ரன் பட்டனை மட்டும் ஜாப் மாட்டியிருக்கும்போது தொடாதீர்கள், நீங்கள் எழுதிய ஃபீடை (வெட்டிக்கொண்டு நகரும் வேகத்தை) அது மதிக்காது.

இரண்டு எழுத்துப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன், இவற்றால் ஒடிந்த டூல்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எக்ஸ்10 என்று புள்ளி வைக்காமல் அடித்தால் பல மெஷின்கள் அதை 10 மைக்ரான் என்றே எடுத்துக்கொள்ளும். டூலை மேலே ஹோமுக்கு (மெஷினின் தொடக்க இடத்துக்கு) அனுப்புகிற ஜி91 ஜி28 இசட்0 வரியில், நிற்கிற இடத்திலிருந்து அளக்கிற ஜி91-க்குப் பதில் பூஜ்யத்திலிருந்து அளக்கிற ஜி90 விழுந்துவிட்டால், ஹோமுக்குப் போகும் முன் டூல் ஜாபின் இசட் பூஜ்யத்துக்கு ரேபிடில் இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும்.

அப்புறம், இடித்த மெஷினில் அப்படியே வேலையைத் தொடராதீர்கள். வைஸின் அசையாத தாடையில், கோணல் காட்டுகிற டயல் கேஜை ஓட்டுங்கள், ஹோல்டர் உட்காருகிற ஸ்பிண்டில் டேப்பருக்குள்ளும் டயல் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். நடந்ததை மறைக்காமல் முதலாளியிடம் சொன்னீர்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: அலுமினியத்தில் 10 மில்லி எண்ட் மில் போட்டால் வெட்டுவாயில் அலுமினியம் ஒட்டிக்கொண்டு டூல் ஒடிகிறது. நாலு வாய் டூல், 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), பயத்தில் ஃபீடை நிமிடத்துக்கு 200 மில்லியாக வைத்திருக்கிறேன். (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: ஒடிப்பதே அந்தப் பயம்தான். ஒரு வாய்க்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். 200-ஐ 3000-ஆலும் 4-ஆலும் வகுத்தால் 0.017 மில்லி. அவ்வளவு மெல்லியதை வாய் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகி ஒட்டும். நாலு வாய்க்கு நடுவில் சிப்ஸ் (வெட்டிய உலோகச் சீவல்) வெளியேற இடமும் போதாது.

அலுமினியத்துக்கென்றே வருகிற மூன்று வாய் கார்பைடு டூல் வாங்குங்கள், பளபளவென்று பாலிஷ் செய்தது, கோட்டிங் இல்லாதது. இரும்புக்கு வருகிற கருத்த கோட்டிங்குகள் பலவற்றில் அலுமினியமே கலந்திருக்கிறது, அது இனத்தோடு ஒட்டும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 250 மீட்டர் என்று வையுங்கள். 250-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் டூல் விட்டம் 10-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஏறக்குறைய 8000 ஆர்பிஎம். உங்கள் மெஷின் 6000 தான் போகும் என்றால் 6000 போதும். ஒரு வாய்க்கு 0.06 மில்லி, மூன்று வாய், 6000 சுற்று, ஆக ஃபீட் 1080. முதலில் ஆழத்தைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள், ஆனால் ஃபீடைக் குறைக்காதீர்கள். கூலன்ட் நேரே வெட்டுகிற இடத்தில் விழ வேண்டும், சிப்ஸ் குழிக்குள் தங்கக் கூடாது. இதே கணக்கை சாதா இரும்புக்கு 120 மீட்டர் என்று போட்டால் 3800 வரும்.

கேள்வி: அலுமினியத் தகட்டில் இரண்டு போர் (துல்லியமாகக் குடைந்த துளை), நடுவில் 300 மில்லி தூரம். காலையில் போட்டது சரியாக இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குப் போட்டதை மறுநாள் காலை அளந்தால் 30 மைக்ரான் குறைகிறது. என் கைதான் சரியில்லை என்கிறார்கள். (வள்ளியூர் வாசகர்)

பதில்: உங்கள் கையில் குற்றமில்லை, தலைக்கு மேலே தகரக் கூரை, சித்திரை வெயில். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 23 மைக்ரான் நீளும், இரும்பு 12 வரை. காலைக்கும் மதியத்துக்கும் செட்டுக்குள் 10 டிகிரி வித்தியாசம் என்றால் உங்கள் 300 மில்லி சுமார் 69 மைக்ரான் நீண்டிருக்கும். மெஷினின் மேசையை நகர்த்துகிற பால் ஸ்க்ரூ (ball screw) என்கிற திருகும் கூடவே நீளும், ஆனால் அது இரும்பு, 35 போலத்தான் நீளும். மிச்சம் 34. நீங்கள் சொன்ன கணக்கு ஏறக்குறைய வருகிறது, பாருங்கள். டிராயிங்கில் போட்டிருக்கிற அளவு 20 டிகிரிக்கானது, நம் திருநெல்வேலிச் சீமையில் அந்த 20 டிகிரியை ஏசி அறைக்குள்தான் பார்க்க முடியும்.

முடிந்தால் ரஃப் வேலையை மதியத்துக்குத் தள்ளி, போரிங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் தொடங்கியதும் கால் மணி நேரம் ஸ்பிண்டிலையும் மூன்று அச்சுகளையும் சும்மா ஓட்டிச் சூடேற்றுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் மெஷினின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தால் அங்கே ஒரு படுதா கட்டுங்கள், கேலியாக நினைப்பவர்கள் நினைக்கட்டும். மதியமும் போட்டே தீர வேண்டுமென்றால், ஆறிய பீஸை அளந்து எவ்வளவு குறைகிறதோ அதை மதியப் புரோகிராமில் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காலை, மதியம் இரண்டு வேளையும் வெப்பமானி பார்த்து நோட்டில் எழுதி முதலாளியிடம் காட்டுங்கள்.

கேள்வி: எம்8 டேப் (துளைக்குள் திருகுப் புரி வெட்டுகிற டூல்) நாலைந்து துளை நன்றாகப் போனது. வேகம் கூட்டினேன், ஒடிந்துவிட்டது. (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: சுற்று வேகமான எஸ்ஸை 400-லிருந்து 500 ஆக்கிவிட்டு, ஃபீடான எஃப்பை 500-லேயே விட்டிருப்பீர்கள். புரி இடைவெளி 1.25, அதை எஸ்ஸால் பெருக்கியதுதான் ஃபீட். 400-க்கு 500, 500-க்கு 625. டிரில் 6.8 தானா என்றும் பாருங்கள். அடி மூடிய துளை என்றால் சிப்ஸை மேலே இழுக்கிற ஸ்பைரல் டேப் போடுங்கள்.

கேள்வி: நான் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் விஎம்சி ஆபரேட்டர், அண்ணாச்சி. திரையில் பேட்டரி என்று சிவப்பாக மினுக்குகிறது. பொங்கலுக்கு நாலு நாள் மெயினை அணைத்துப் பூட்டப் போகிறார்கள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். (ஒரு வாசகி)

பதில்: பேட்டரியை மாற்றாமல் பூட்ட விடாதீர்கள், தங்கச்சி. கரன்ட் இல்லாத நேரத்தில் பாராமீட்டர் (மெஷினின் அமைப்பு எண்கள்), ஆஃப்செட், புரோகிராம் எல்லாவற்றையும் காப்பாற்றுவது அந்தப் பேட்டரிதான். அச்சுகள் எங்கே நிற்கின்றன என்று அளக்கிற என்கோடருக்குத் தனியாக இன்னொன்று இருக்கும், அது போனால் மெஷினுக்குத் தன் ஹோம் எங்கே என்பதே மறந்துவிடும். இன்றைக்கே எல்லாவற்றையும் கார்டில் ஒரு காப்பி எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதே, எமர்ஜென்சியை அழுத்திவைத்து மாற்ற வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் எதைக் காப்பாற்ற நினைத்தோமோ அதுவே போய்விடும். பெட்டிக்குள் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நீங்கள் கை வைக்காமல் மெயின்டனன்ஸ் ஆளை வைத்துச் செய்யுங்கள். மாற்றிய தேதியைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள்.