மாங்காய்ப் பூட்டும் மயில் கறியும்

கேள்வி: வில்ஃப்ரிட் ஸ்காவன் பிளன்ட் என்று ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. கவிஞரும்கூட. தன் அந்தரங்க நாட்குறிப்புகளை, தான் இறந்து 50 வருஷம் வரைக்கும் பூட்டி வைக்கச் சொல்லி ஒரு மியூசியத்திடம் விட்டுப் போனாராம். இது நாகரிகமா, கோழைத்தனமா? கவிஞராக அவர் தேறுவாரா? (என் பெயரைப் போட வேண்டாம்.)
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பூட்டு என்று எழுதிவிட்டீர்கள். பிளன்ட் கொஞ்சம் காத்திருக்கட்டும், 50 வருஷம் காத்திருந்து பழகியவர்தானே.

என் தாத்தாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று தொங்கும். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். பெட்டிக்குள் நகை என்று ஒரு கட்சி, பத்திரம் என்று ஒரு கட்சி, இன்னொரு குடும்பமே இருக்கிறது என்று பெரிய அத்தை. தாத்தா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சாவி திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு திருகிப் பார்த்தார். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு உடைத்தார்கள்.

உள்ளே இன்னொரு பூட்டு இருந்தது. அதற்குச் சாவி இல்லை. அப்புறம் ஒரு கட்டு வீட்டுவரி ரசீது, ஒரு கோடு போட்ட நோட்டு. பெரிய அத்தைதான் பிரித்தார். '1958 தை. பெரியவளுக்குக் கொடுத்த பித்தளைத் தவலை இன்னும் வரவில்லை.' அடுத்த பக்கம் 1959 தை: 'தவலை வரவில்லை.' இப்படியே 1971 வரைக்கும், வருஷத்துக்கு ஒரு வரி. அத்தை காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். மறுவாரம் தவலை வந்து சேர்ந்தது, அடியில் ஓட்டையோடு.

தாத்தாவுக்கு மறைக்கிற எண்ணமே கிடையாது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. மறைக்க நினைத்திருந்தால் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்ததே. அவருக்கு வேண்டியது அத்தை அதைப் படிக்க வேண்டும், படிக்கும்போது எதிரே தான் இருக்கக் கூடாது.

சரி, பிளன்டுக்கு வருவோம். 1858இல், பதினெட்டு வயதில் தூதரக வேலைக்குப் போனவர். ஏதென்ஸ், மாட்ரிட், பாரிஸ், லிஸ்பன், புவனஸ் அயர்ஸ் என்று சுற்றிவிட்டு 1869இல் வேலையை விட்டார். 11 வருஷ உத்தியோகம், மிச்ச 53 வருஷமும் அந்த உத்தியோகத்தைக் கொடுத்த சாம்ராஜ்யத்தோடு சண்டை. 1882இல் எகிப்தில் கிளர்ச்சித் தலைவர் அராபி பாஷாவை ஆங்கிலேயர் தோற்கடித்துக் கைதுசெய்து விசாரணையில் நிறுத்தியபோது, லண்டனிலிருந்து வக்கீல் அனுப்பியவர் இவர்தான். அராபியைத் தூக்கில் போடாமல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். மறுவருஷமே கொழும்புக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டு, பிளன்ட் நம் சென்னைக்கும் வந்துபோனார். 1888இல் அயர்லாந்தில், தடையை மீறிக் கூட்டம் நடத்தியதற்காக ஜெயிலுக்கும் போனார். ஜெயிலிலும் கவிதை எழுதினார். அதுவும் புத்தகமாக வந்தது. எதையும் வீணாக்காத மனிதர்.

இவர் கல்யாணம் செய்துகொண்டது கவிஞர் பைரனின் பேத்தியை. இது வெறும் வம்பு இல்லை. பைரன் தன் நினைவுக் குறிப்புகளை நம்பிக்கையான நண்பரிடம் கொடுத்துவைத்திருந்தார். பைரன் இறந்த செய்தி 1824 மே மாதம் லண்டனுக்கு வந்து சேர்ந்த சில நாட்களுக்குள், பதிப்பாளர் ஜான் மர்ரேயின் வீட்டுக் கணப்பில் மொத்தத்தையும் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். எல்லாம் கவிஞரின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவருக்குத் தன் காகிதங்களை நண்பர்களின் நல்லெண்ணத்தை நம்பி விடத் தைரியம் வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காது. பிளன்ட் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துக்கு விட்டார். 1922இல் இறந்தார். 1972இல் கட்டுப் பிரிந்தது. உள்ளே தவலைக் கணக்கு இல்லை. யார் யாரோடு எப்போது என்ற கணக்கு.

அதில் ஒருவர் லேடி கிரெகரி. டப்ளினில் 1904இல் அபே தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். நுவரெலியாவுக்குப் போனவர்கள் கிரெகரி ஏரியில் படகு விட்டிருப்பீர்களே, அந்த ஏரிக்குப் பெயர் கொடுத்த முன்னாள் இலங்கை கவர்னர்தான் அவருடைய கணவர், 35 வயது மூத்தவர். 1882-83இல் பிளன்டுக்கும் இந்த அம்மாளுக்கும் இருந்த உறவு, இரண்டு பேரும் இருந்தவரை வெளியே தெரியாது. உறவு முடிகிற நேரத்தில் அம்மாள் சில சானட்டுகள் (பதினாலு வரிக் கவிதைகள்) எழுதி அவரிடம் கொடுத்தார். பிளன்ட் அவற்றைக் கொஞ்சம் கைவைத்துத் திருத்தி, 12 சானட்டுகளைத் தன் காதல் கவிதைப் புத்தகத்தில் சேர்த்து 1892இல் வெளியிட்டார். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. அச்சிட்டுக் கொடுத்தவர் வில்லியம் மாரிஸ். அவருடைய மனைவி ஜேன் மாரிஸின் பெயரும் அந்தப் பூட்டிய நாட்குறிப்பில் இருக்கிறது. ஒரே புத்தகத்தில் ஒரு காதலியின் கவிதையும் இன்னொரு காதலியின் கணவருடைய அச்சும்! நம் ஊரில் புத்தக வெளியீட்டு விழா வைத்தால், மேடையில் யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதற்கே தனிக் கமிட்டி போட வேண்டியிருக்கும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. பூட்டாத நாட்குறிப்பு என்று ஒன்றைப் பிளன்ட் இருக்கும்போதே, 1919-20இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். அரசியல், விருந்து, குதிரை எல்லாம் அதில் உண்டு. 1921இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் லேடி கிரெகரி!

இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு முன்னுரை, அணிந்துரை என்றால் எனக்கு ஏறும் கோபம் தெரியும். 64 பக்கக் கவிதைத் தொகுப்பில் பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை, நயவுரை, என்னுரை எல்லாம் தாண்டி முதல் கவிதைக்கு வந்தால் பக்கம் 31 ஆகியிருக்கும். இதைச் சொன்னதற்காக, பதினேழு அணிந்துரை எழுதிய கவிஞர் ஒருவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பதினெட்டாவதில் என்னைத் திட்டியிருக்கிறாராம். நான் பார்க்கவில்லை, அணிந்துரை படிப்பதில்லை. ஆனால் லேடி கிரெகரி எழுதிய முன்னுரைக்கு மட்டும் என் கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறேன். பூட்டிய காகிதத்தில் தான் இருக்கிறோமா, இருந்தால் எப்படி இருக்கிறோம் என்று தெரியாமலே, பூட்டாத காகிதத்துக்கு முகப்பில் நின்று நாலு நல்ல வார்த்தை சொல்வதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்! அவர் 1932இல் காலமானார். பெட்டி திறக்க இன்னும் 40 வருஷம் இருந்தது.

நாகரிகமா, கோழைத்தனமா என்றீர்கள். பிளன்டைப் பொறுத்தவரை இரண்டும் இல்லை, விளம்பரம். 'திறக்காதே' என்று எழுதிய பெட்டியை விட்டுவிட்டுப் போகிற மனிதர்கள் உலகத்தில் உண்டா? என்னுடைய புகார் வேறு. தன் ரகசியத்துக்கு அவர் நாள் குறித்துக்கொண்டார், சரி. அதே தாளில் இருந்த அடுத்தவர் ரகசியத்துக்கும் அவரே நாள் குறித்தார். என் அத்தையாவது தவலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்.

கவிஞராகத் தேறுவாரா என்ற கேள்விக்கு 1914 ஜனவரியில் ஆறு கவிஞர்கள் அவருடைய சசெக்ஸ் வீட்டுக்கே போய்ப் பதில் சொல்லியிருக்கிறார்கள். யேட்ஸ், எஸ்ரா பவுண்ட் எல்லாம் அதில் உண்டு. பெரியவரைக் கௌரவிக்கத்தான் போனார்கள். விருந்தில் வறுத்த மயில் வைத்தார்கள். முருக பக்தர்கள் மன்னிக்க வேண்டும். ஆறு பேரும் சாப்பிட்டார்கள், பாராட்டினார்கள். மயிலைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன பாராட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை, ஆகையால் நான் மார்க் போடவில்லை.

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. உங்கள் இன்லேண்ட் லெட்டரை மட்டும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, அலுவலக பீரோவில் வைத்திருக்கிறேன். 50 வருஷம் கழித்துத் திறந்துகொள்ளலாம். பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது. சாவியைத்தான் போன மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.