எட்டடி வேண்டாம், நாலடி போதும்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் குடிபுகுந்த கையோடு, பின்வளவில் பிள்ளைகளுக்கு ஒரு மர வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு. எட்டடி உயரத்தில், மூலையில் நிற்கும் பெரிய மேப்பிள் மரத்தோடு சேர்த்து, சறுக்குமரமும் வைத்துக் கட்டுவது உங்கள் திட்டம். அனுமதி எடுக்க வேண்டுமா, எந்த மரம் வாங்குவது, ஆள் பிடிப்பதா நாமே செய்வதா என்பவை உங்கள் கேள்விகள். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் எட்டடியை நாலடியாக்குங்கள், மேப்பிளை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள்.

முதலில் மேப்பிள். ஊரில் மாமரக் கிளையில் பலகை அடித்துப் பரண் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ரொறன்ரோவில் மரம் உங்கள் காணிக்குள் நின்றாலும் அது முழுக்க உங்களுடையது அல்ல. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த மரத்தை வெட்டுவதற்கு மட்டுமல்ல, காயப்படுத்துவதற்கும் மாநகரத்தின் அனுமதி வேண்டும். வேரை அறுத்துக் குழி தோண்டுவதும் காயம்தான். அதோடு, காற்றில் மரம் ஆடும், நீங்கள் நட்ட தூண் ஆடாது. இரண்டையும் சேர்த்து முடுக்கினால் ஏதோ ஒன்று பிய்ந்துதான் போகும். மரத்திலிருந்து விலகி, நான்கு தூண்களில் தனியாக நிற்கட்டும்.

உயரத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. பின்வளவு வேலி இங்கே பெரும்பாலும் இரண்டு மீற்றருக்குள் இருக்கும். நாலடித் தளத்தில் நிற்கும் உங்கள் மகளின் தலைதான் வேலிக்கு மேலால் தெரியும். எட்டடியில் நின்றால் பக்கத்து வீட்டுக் குசினியில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கலாம். அயலவர் முறைப்பாடு செய்தால் மாநகர அதிகாரி வந்து அளவு நாடாவை விரிப்பார். சறுக்குமரம் தனியாக விற்கும் கடைகளிலும் பொதுவாக நாலடி, ஐந்தடித் தளங்களுக்கு ஏற்றவைதான் கிடைக்கும். இன்னொன்று: தளத்துக்குக் கீழே உள்ள இடம்தான் பிள்ளைகளின் உண்மையான வீடு. என் பிள்ளைகள் மேலே ஏறியதைவிடக் கீழே குனிந்து புகுந்து கடை வைத்து விளையாடியதுதான் அதிகம். பெரியவர்கள் நுழைய முடியாத உயரம் என்பதே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

மரம் வாங்கப் போகுமுன் வளவை அளந்துகொள்ளுங்கள். ஆறடிக்கு எட்டடி தளம் என்றால் சிறியதாகத் தெரியும். ஆனால் பிள்ளை விழக்கூடிய இடம் என்று சுற்றிவர ஆறடியாவது வெறுமையாக விட வேண்டும். வேலி, கல், பாபிகியூ அடுப்பு எதுவும் அதற்குள் வரக் கூடாது. அப்படியானால் பதினெட்டடிக்கு இருபதடி இடம் போய்விடும், சறுக்குமரம் இறங்கும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். அந்த இடம் முழுவதும் மரச்சில்லு ஒன்பது அங்குலத் தடிப்புக்குக் குறையாமல் பரப்ப வேண்டும். புல்லை நம்பாதீர்கள். நாலு கால் ஓடிய இடத்தில் புல் போய், கீழே இருக்கும் களிமண் சீமெந்துத் தரையாக இறுகிவிடும்.

அனுமதி விடயம் கொஞ்சம் சிக்கலானது. ஒன்ராறியோ கட்டட விதியில் 10 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டமைப்புத்தான் கட்டடம் என்ற கணக்கில் வரும். உங்கள் ஆறுக்கு எட்டு ஏறத்தாழ 4.5 சதுர மீற்றர்தான். அதனால் எதுவும் தேவையில்லை என்று வேலையிடத்தில் யாராவது அடித்துச் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக் (வீட்டுக்கு வெளியே போடும் மரத்தளம்) கட்ட அனுமதி கேட்கும் மாநகரம் இது. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், உச்சி எவ்வளவு உயரலாம் என்பதெல்லாம் வேறு ஒரு விதியில் இருக்கும், அது அளவில் சின்னதையும் விடாது. மாநகரத்தின் தகவல் இலக்கமான 311க்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் தமிழிலேயே பேசலாம். அளவுகளைச் சொல்லி, விளையாட்டு வீட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரங்களோடு வந்த நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று இல்லை.

அடுத்தது ‘ஒன்ராறியோ வன் கோல்’, நிலத்துக்கடியில் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் அமைப்பு. மண்வெட்டியால் தோண்டினாலும் அவர்களுக்கு அறிவித்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும், இது சட்டம். கட்டணம் இல்லை. ஆட்கள் வந்து புல்லில் நிறம் பூசிவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிநீர், செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், பச்சை கழிவுநீர். அவர்கள் காட்டுவது நிறுவனங்களின் குழாய்களையும் கம்பிகளையும் மட்டும்தான். முன்பு இருந்தவர் பாபிகியூவுக்கோ கராஜுக்கோ மண்ணுக்கடியில் தானாக இழுத்த இணைப்பு அதில் வராது. வீட்டை விற்றவரிடம் முகவர் மூலம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அயலவரிடம் பேசுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. கையால் கீறிய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், “இப்படி ஒன்று கட்டப்போகிறேன், உங்கள் பக்கம் சுவர் வைத்து மூடிவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். எனக்கு வாய்த்தவர் போர்த்துக்கலில் பிறந்த ஓய்வுபெற்ற தச்சர். படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் மேசை வாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது, ஆனாலும் கதவைத் தட்டுங்கள்.

இனி நிலம். தென் ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் மண் ஏறத்தாழ நாலடி ஆழம்வரை உறையலாம் என்று வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். மண்ணில் உள்ள ஈரம் பனிக்கட்டியாகி மேலே தள்ளும். ஒரு தூணை ஓர் அங்குலமும் அடுத்ததை மூன்று அங்குலமும் தள்ளினால் கதவு மூடாது, தளம் சரியும். அதனால் நாலடிக் குழி தோண்டி, வட்டமான அட்டைக் குழாயை இறக்கி, கொங்கிறீற் ஊற்றுங்கள். தூணைக் கொங்கிறீற்றுக்குள் புதைக்காமல், மேலே உலோகப் பாதம் வைத்து அதில் நிறுத்துங்கள். மண்ணும் மரமும் தொட்டுக்கொண்டிருந்தால் எந்த மருந்தேற்றிய மரமும் உக்கும். ஆனால் அந்தப் பாதம் பாரத்தைத் தாங்குமே தவிர, ஆட்டத்தை நிறுத்தாது. ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு திசைகளிலும் உத்தரத்துக்கு 45 பாகையில் சாய்வுச் சட்டம் வையுங்கள். அக்காவும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பட்டாளமும் ஒன்றாகக் குதிக்கும்போது இதன் அருமை தெரியும்.

மரத்துக்கு சீடார் நல்லது, விலை கூட. தூணுக்கும் உத்தரத்துக்கும் மருந்தேற்றிய மரம், பிள்ளைகள் கை படும் இடத்துக்கு சீடார் என்று பிரித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். கடையில் ‘பிரஷர் ட்ரீட்டட்’ என்று கேளுங்கள். ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஏற்றுவது 2003 முடிவோடு நின்றுவிட்டது. இப்போது வருவது செம்பு சேர்ந்த மருந்து. ஆகவே புதிய மரம் வாங்கப் பயப்பட வேண்டியதில்லை. யாரோ கழற்றி வீசிய பழைய டெக் பலகையை இலவசமாகத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்பு சாதாரண ஆணியை அரித்துத் தின்றுவிடும் என்பதால், துத்தநாகம் தோய்த்ததோ துருப்பிடிக்காத உருக்கோதான் வாங்க வேண்டும். அறுத்த முனைகளில் அதற்கென்று விற்கும் மருந்தைப் பூசுங்கள். மரத்தூளை மூக்கில் ஏற விடாதீர்கள், துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். கடையிலிருந்து வரும் பலகை ஈரமாகக் கனக்கும். இடைவெளி விடாமல் நெருக்கி அடியுங்கள், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக விழும்.

திருகாணித் தலையில் சதுரக் குழி இருப்பதைப் பார்த்து முழிக்காதீர்கள். அது இந்த மாகாணத்துச் சரக்கு. ரொபேட்சன் என்பவர் 1908இல் மில்ரனில் தொழிற்சாலை போட்டுச் செய்யத் தொடங்கியது. டெக் திருகாணிக்குப் பொதுவாகச் சிவப்பு நிற முனை பொருந்தும். வழுக்காது, ஒற்றைக் கையால் பிடித்துச் செலுத்தலாம். இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் பிடித்துப்போன பொருள் அதுதான்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் கைபிடி வேலி. டெக்குக்கான விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: உயரம் 90 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, சட்டங்கள் நெடுக்காக இருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் வைத்தால் உங்கள் மகன் அதையே ஏணியாக்கிவிடுவான். சட்டங்களுக்கு இடையிலான வெளி இன்னும் முக்கியம். மூன்றரை அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரையான எந்த வெளியிலும் சின்னப் பிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கலாம். இதற்கு அளவு நாடாவே தேவையில்லை. ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் சட்டத்தின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். அதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலப் பக்கம் ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த எந்த வெளிக்குள்ளும் நுழையக் கூடாது. அயலவர் தச்சர் அந்தத் துண்டோடு என் கைபிடியைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடைவெளியிலும் வைத்து அழுத்திப் பார்த்தார். ஏணிப் படிகள், சறுக்குமரத்தின் இரு ஓரம், கூரையும் சுவரும் சேரும் மூலை எல்லாவற்றிலும் பார்த்தார். நீங்களும் அப்படியே பாருங்கள். கயிறு எதையும் தொங்கவிடாதீர்கள். ஏறுமுன் சைக்கிள் ஹெல்மெட்டையும் கழுத்தில் நாடா உள்ள மேலங்கியையும் கழற்றச் சொல்லுங்கள், இரண்டும் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடியவை.

சறுக்குமரம் வடக்குப் பார்க்கட்டும், ஜூலை வெயிலில் தெற்குப் பார்த்த பிளாஸ்டிக்கில் உட்கார முடியாது. கூரையை உங்கள் வளவுப் பக்கம் சாய்த்து, பனி ஏணியின் மேல் விழாதபடி வையுங்கள். கூரை இல்லாத தட்டையான தளம் ரக்கூன்களுக்குக் கழிப்பிடம். அவற்றின் எச்சத்தில் உள்ள வட்டப்புழு முட்டை பிள்ளைகளுக்கு ஆபத்து. கீழே மணல் பெட்டி வைத்தால் இரவில் மூடி போடுங்கள். கோடையில் கூரைக்கு உட்புறம் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற விடுங்கள். மரச்சில்லு உறைந்து இறுகிவிட்டால் விழுகிறவரைத் தாங்காது. குளிர்காலத்தில் கழற்றி வைக்கக்கூடிய ஏணியாகச் செய்தால் சண்டையே இல்லை.

ஆளைப் பிடிப்பது பற்றி: ஊரில் கூலி மலிவு, பலகை விலை கூட. இங்கே பல வேலைகளில் கூலிதான் பில்லின் பெரும்பகுதி. குழி தோண்டுவதற்கும் கொங்கிறீற் ஊற்றுவதற்கும் மட்டும் ஆள் பிடித்துவிட்டு, மரவேலையை நீங்களே செய்யலாம். காசாகத் தந்தால் குறைக்கிறேன் என்பவரிடம் வேலையிடக் காப்புறுதிச் சான்றிதழைக் கேளுங்கள். உங்கள் வளவில் அவர் காலை உடைத்தால் விடயம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அழைத்து ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள், அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஏறுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள். அன்றும் பொது விடுமுறை நாட்களிலும் கட்டுமானச் சத்தத்துக்கு ரொறன்ரோவில் தடை. சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 7 மணி வரை வாளையும் துளைப்பானையும் ஓட்டலாம். ஞாயிற்றுக்கு அளப்பது, கோடு போடுவது, மருந்து பூசுவது, மரச்சில்லு பரப்புவது என்று சத்தமில்லாத வேலைகளை ஒதுக்கி வையுங்கள். வளவின் நீளம் அகலத்தையும், மேப்பிள் எந்த மூலையில் நிற்கிறது என்பதையும் எழுதி அனுப்பினால், தூண்கள் எங்கே வரலாம் என்று கீறி அனுப்புகிறேன். அதுவரை பலகை வாங்கிக் குவிக்காதீர்கள்.