சண்டைக்கு நடுவே பேச்சு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட கிணற்றுக் கதையை இரண்டு முறை படித்தேன். முறைத் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ளும் கதை. அந்த மோட்டார் ரூமும், வாய்க்கால் ஓரத்துத் தென்னைகளும் எனக்குப் பழகிய இடம்போல இருந்தன. ஆனால் சண்டை தொடங்கிய பிறகு ஓரிடத்தில் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். தம்பி மண்வெட்டிக் காம்பை ஓங்கிவிட்டான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அந்த நிலையில் அண்ணன், அப்பா வாங்கிய கடனில் தொடங்கி தங்கச்சி கல்யாணம் வரைக்கும் பேசுகிறான். எண்ணிப் பார்த்தேன், 26 வரி. தம்பி ஓங்கிய கையோடு அவ்வளவையும் கேட்டுவிட்டு 18 வரி பதில் சொல்கிறான்.

என் மகன் பார்க்கும் ஜப்பான் அனிமேக்களிலும் இப்படித்தான் பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். நான் அவனைக் கிண்டல் செய்வேன். ஆனால் வாலி அம்பு தைத்துக் கிடந்து அவ்வளவு பேசும்போது எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கர்ணன் தேர்ச்சக்கரம் புதைந்து நின்று பேசும்போதும் தோன்றியதில்லை. அது சின்ன வயதிலிருந்து கேட்ட பழக்கமா, பக்தியா, இல்லை அங்கே வேறு ஏதாவது நடக்கிறதா?

அன்புடன்,
கே., திண்டுக்கல்

*

அன்புள்ள கே.,

நீங்கள் நிறுத்தியது சரியான இடம். கடிதம் வந்த அன்று இரவே அந்தப் பகுதியை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். அண்ணன் பேச்சுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆனது. நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து வாசித்த எனக்கே நடுவில் பல இடங்களில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒருவன் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு யாராலும் அதைப் பேச முடியாது. அப்பாவின் கடன், தங்கச்சியின் கல்யாணம் எல்லாம் அந்த இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள். தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான். கதையின் முன்பாதியில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் அண்ணன் தலையில் சுமத்தியிருக்கிறேன்.

சடுகுடு ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும். பாடிப் போகிறவன் "நான்தான்டா உங்கப்பன், நல்லமுத்துப் பேரன்" என்று நெஞ்சு நிமிர்த்திக் கோட்டைத் தாண்டுவான். அப்போது முழு வரியும் கணீரென்று கேட்கும். எதிரணிக்காரன் காலைப் பிடித்ததும் வரி சுருங்கும். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது கடைசிச் சொல் மட்டும் மிஞ்சும், அதுவும் முனகலாக. பாட்டு விட்டால் ஆள் அவுட். இன்றைய கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடிதான் நேரம், பாட்டெல்லாம் போய் 'கபடி' என்ற ஒரே சொல் நிற்கிறது. கைகலப்பில் இருக்கும் மனிதனுக்கு எவ்வளவு பேச்சு மிஞ்சும் என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நான் அதை ஆடித்தான் வளர்ந்தேன். ஆனாலும் எழுதும்போது மறந்துவிட்டேன்.

உலகத்திலேயே பெரிய வாய்ப்பேச்சுக்காரர் என்று பெயரெடுத்த குத்துச்சண்டை வீரர் முகமது அலி. 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் எர்னி டெரலோடு மோதினார். அலி தன் பெயரை மாற்றிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. டெரல் போட்டிக்கு முன்னால் அவரைப் பழைய பெயரான 'கிளே' என்றே கூப்பிட்டார். போட்டிக்கு முன்பு அலி அதைப்பற்றி நிறையப் பேசினார், அதற்கு நேரம் இருந்தது. மேடையில் மூன்று நிமிடச் சுற்றுகள் 15. அங்கே அவர் கேட்டது ஒரே கேள்வி: "என் பெயர் என்ன?" குத்துவார், அதையே கேட்பார், மறுபடி குத்துவார். மதம், நிறம், அடிமை வரலாறு எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. சொல்ல வேண்டியதை முன்பே சொல்லி முடித்திருந்ததால்தான் அங்கே அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

சரி, வாலிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான்.

வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரளும்போது கம்பன் அவர்களைப் பெரிதாகப் பேசவிடுவதில்லை. மோதலை மோதலாகவே சொல்கிறான். பேச்சு தொடங்குவது அம்பு பாய்ந்த பிறகு. வாலி அந்த அம்பைப் பிடித்து இழுக்கிறான், அதில் எழுதியிருக்கும் ராமன் பெயரை வாசிக்கிறான். அந்த இடத்தில் சண்டை முடிந்துவிட்டது. இனி அவன் அடிக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அவனிடம் மிச்சமிருப்பது கொஞ்சம் உயிர் மட்டும், அதை அவன் பேச்சில் செலவழிக்கிறான். ஒவ்வொரு கேள்வியிலும் அவன் ஆயுளில் ஒரு துளி குறைகிறது என்று கேட்கிற நமக்குத் தெரியும். அதனால்தான் 'இன்னும் எவ்வளவு நேரம் பேசுவான்' என்று நாம் சலித்துக்கொள்வதில்லை. 'பேசி முடிக்கும் வரைக்காவது இருப்பானா' என்று தவிக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. பேசத் தொடங்கும்போது இருந்த வாலி பேசி முடிக்கும்போது இல்லை. மறைந்து நின்று அடித்தாயே என்று சீறுகிறவன், கடைசியில் மகன் அங்கதனை அதே ராமனிடம் ஒப்படைக்கிறான். நடுவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: என் தம்பி கள்ளைக் குடித்துவிட்டுப் புத்தி மாறி ஏதாவது தவறு செய்தால், என்மேல் விட்ட இந்த அம்பை அவன்மேல் விட்டுவிடாதே. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தத் தம்பியைக் கொல்லப் பார்த்தவன் சொல்வது இது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுவேன். என் கதையில் அண்ணன் 26 வரி பேசியும் முதல் வரியில் இருந்த அதே ஆளாகத்தான் கடைசி வரியிலும் நிற்கிறான்.

கர்ணன் விஷயம் வேறு. அங்கே சண்டை முடியவில்லை. பதினேழாம் நாள் போரில் சக்கரம் மண்ணுக்குள் இறங்குகிறது. அவன் இறங்கி அதைத் தூக்க வேண்டும். அதற்கு அவனுக்கு வேண்டியது நேரம். வில்லால் அதைச் சம்பாதிக்க முடியாது என்பதால் பேச்சால் கேட்கிறான். கொஞ்சம் பொறு, அர்ஜுனா, தருமத்தை நினைத்துப் பார் என்கிறான். அந்தப் பேச்சு பலித்தால் உயிர் பிழைக்கும். தருமம் என்ற சொல் அர்ஜுனனிடம் வேலை செய்யும் என்பது கிருஷ்ணனுக்கும் தெரியும். அதனால் அர்ஜுனனை முந்திக்கொண்டு அவரே பதில் சொல்கிறார். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது உன் தருமம் எங்கே போனது, அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது எங்கே போனது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வியாசரின் கர்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. வெட்கித் தலை குனிகிறான், பிறகு வில்லை எடுத்து மறுபடியும் போரிடுகிறான். அந்த உரையாடலே ஒரு துவந்த யுத்தம், ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை. அம்புக்குப் பதிலாகச் சொல், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாலியின் பேச்சு நமக்கு அவன் உயிராகவே படுகிறது. கர்ணன் பேசுவது நேரம் வாங்க. ஆக நான் எழுதும்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பேச்சு நடக்கும் நேரத்தை இங்கே யார் கொடுக்கிறார்கள், எதற்காக? ஓங்கிய கையோடு தம்பி ஏன் காத்திருக்கிறான்? எதிரில் நிற்பவனுக்குக் காத்திருக்க ஒரு காரணம் இருந்தால் 50 வரிகூடப் பேசலாம். கிரேக்கக் காவியமான இலியட்டில் டயோமிடீஸும் கிளாக்கஸும் போர்க்களத்தின் நடுவில் எதிரெதிரே வந்து நின்று வம்சக் கதை பேசுகிறார்கள். 'நீ யார்' என்று டயோமிடீஸ் கேட்கிறான். ஒருவேளை எதிரில் நிற்பது தெய்வமாக இருந்தால் மோதக்கூடாது என்பது அவன் பயம். கிளாக்கஸின் நீண்ட பதிலில் இருவருடைய தாத்தாக்களும் விருந்தாளியும் விருந்தளித்தவருமாக இருந்தது தெரியவருகிறது. ஈட்டியை மண்ணில் நட்டுவிட்டுக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். தங்கக் கவசத்துக்கு வெண்கலக் கவசம், 100 மாட்டு மதிப்புக்கு 9 மாட்டு மதிப்பு. பேசியதால் ஒரு சண்டையே நடக்காமல் போகிறது.

கீதையைப் பலரும் இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 700 சுலோகம் பேசும்வரை இரண்டு சேனையும் என்ன செய்தது என்று கேட்பார்கள். அங்கே இன்னும் முதல் அம்பே விடப்படவில்லை. அதுவும் போக, பீஷ்மர் பத்தாம் நாள் விழுந்த பிறகு சஞ்சயன் திருதராஷ்டிரனிடம் திரும்பி வந்து சொல்லும் கதை அது. சொல்லப்படும் கதைக்கு வேறு கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தெருக்கூத்துக்குப் போக வேண்டும். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கர்ண மோட்சம் நடக்கும்போது கர்ணனும் அர்ஜுனனும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்வார்கள், யாரும் எழுந்து போவதில்லை. ஆட்டக்காரர் ஒரு வரி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் கிர்ரென்று சுற்றி ஆடி, மத்தளத்துக்குக் காலைத் தட்டி, மூச்சையும் சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்கு வந்துவிடுவார். ஒரு உடம்பால் சண்டையையும் பேச்சையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று தெரிந்து, வேலையைப் பிரித்துவைத்த கலை அது. பேச்சை நாலு தொண்டைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் அச்சடித்த வசனத்துக்குப் பின்பாட்டு கிடையாது. படிக்கிறவர் தன் ஒற்றை மூச்சில்தான் அதைப் படிக்க வேண்டும்.

உங்கள் மகனைக் கிண்டல் செய்யாதீர்கள். அந்த அனிமேக்களில் பலவற்றுக்கு மூலம் மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதை. மாங்காவில் ஒரு கட்டம் என்பது உறைந்த படம். குத்து பாதி வழியில் அப்படியே நிற்கும், பக்கத்தில் இருக்கும் எழுத்தை நாம் வேண்டிய நேரம் எடுத்துப் படிக்கலாம். அதையே டிவிக்காக அசைய வைக்கும்போதுதான் பேச்சின் நீளம் துருத்துகிறது. இரண்டு உடம்புகள் மோதுவதை வரைய ஏகப்பட்ட ஓவியங்கள் வேண்டும், அசையாத முகத்தில் வாய் மட்டும் அசைவதற்குச் சில போதும். வாரா வாரம் வரும் தொடர் மூலக் கதையைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்று இழுக்கவும் வேண்டியிருக்கும். அந்தப் பையன்கள் சண்டைக்கு நடுவே தங்கள் சிறுவயது நினைவுகளைச் சொல்லத் தொடங்கும்போது உங்கள் மகன் கண் கலங்கினால், அவனுக்குள் நடப்பது கூத்துக் களத்தில் எனக்குள் நடந்ததுதான்.

இனி என் கதை. அதற்கு மூலமான சண்டையை நான் 11 வயதில் எங்கள் ஊரில் பார்த்தேன். பெயர் வேண்டாம், அண்ணன் தம்பி, பங்குக் கிணறு. காலையில் பேச்சு தொடங்கியது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து எல்லாம் வந்தது, பெண்கள் உட்பட எல்லோரும் பேசினார்கள். அப்புறம் திடீரென்று ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. செருப்பு மண்ணில் தேய்கிற சத்தம், 'ம்' என்று அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம், "விடுறா", "விடுறா". மூன்று நிமிடம்கூட இருக்காது. யாரும் விலக்காமலேயே இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பிக்கு உதடு கிழிந்திருந்தது. ரொம்ப நேரம் மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதும்போது அந்த மௌனத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்திருக்கிறது. வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று வசனத்தைப் போட்டு நிரப்பிவிட்டேன். இப்போது அந்த 44 வரியையும் எடுத்துவிட்டேன். கடன் விவகாரம் முதல் பகுதியில் அவர்கள் அம்மா வாயில் வருகிறது. தங்கச்சி கல்யாணம் எங்கேயும் வரவில்லை, அது இல்லாமலே கதை நிற்கிறது. மணிக்கட்டைப் பிடிக்கும் இடத்தில் அண்ணன் தம்பியின் பெயரை மட்டும் சொல்கிறான், அதுவும் வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயர்.

முதல் தடவை எழுதும்போது விட்டுப்போன ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். அன்று சண்டை நடந்த நேரம் முழுக்கக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எதற்காக அடித்துக்கொண்டார்களோ அந்தத் தண்ணீர் வாய்க்கால் உடைத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் முதலில் பேசியது இதைத்தான்: "போய் மோட்டாரை நிறுத்துடா." தம்பி எழுந்து போய் நிறுத்தினான்.

அன்புடன்.