கோட்லின் நிரல்மொழியில் ‘நல்’ (null) என்றால் என்ன? அதை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது?

மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்தான் மாறி. ஒரு மாறியில் எந்த மதிப்பும் இல்லை என்பதைக் குறிக்கும் அடையாளம்தான் ‘நல்’. சாவி மாட்டும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணிக்கு மேல் ‘மாடி அறை’ என்று எழுதியிருக்கிறது. ஆணியிலோ சாவி இல்லை. எழுத்தை மட்டும் நம்பி மாடி ஏறினால் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியதுதான். நிரல் பாதியில் நின்றுபோவதும் இப்படித்தான்.

1965-இல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில் இதைச் சேர்த்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் இதைத் தன்னுடைய ‘பில்லியன் டாலர் தவறு’ என்றே சொன்னார். ஜாவா நிரல்மொழியில் எந்த ஆணி காலியாக இருக்கக்கூடும் என்பதைப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிரல் ஓடும்போதுதான் தெரியவரும்.

கோட்லின் அதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறது. ‘ஸ்ட்ரிங்’ (எழுத்துச் சரம்) வகைக்குள் நல் நுழையாது. ‘ஸ்ட்ரிங்?’ என்று கேள்விக்குறி சேர்த்தால் நுழையலாம். ஆனால் சோதிக்காமல் அதன் நீளத்தைக் கேட்டால், நிரலை ஓடுவதற்கு முன்பே மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் கம்பைலர் அந்த வரியை ஏற்காது. ‘பெயர்?.நீளம் ?: 0’ என்ற அமைப்பில் எழுதினால், பெயர் இருந்தால் அதன் நீளம் கிடைக்கும், இல்லாவிட்டால் 0 கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

‘!!’ குறியை மட்டும் தயவுசெய்து அவசரத்துக்குப் போடாதீர்கள். ‘சாவி கட்டாயம் இருக்கிறது’ என்று நீங்களே உறுதி கொடுப்பது அது. இல்லாவிட்டால் நிரல் அங்கேயே விழும்.

நல்லும், ஒரு எழுத்துகூட இல்லாத வெற்றுச் சரமும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். வெற்றுச் சரம் ஒரு மதிப்பு, நீளம் கேட்டால் 0 என்று சொல்லும், நல்லிடம் கேட்டால் பதில் சொல்ல அங்கே எதுவுமே இல்லை.