வீட்டு வரவுசெலவுக் கணக்கு: உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அன்றாட வரவையும் செலவையும் எழுதி வைப்பது பற்றிச் சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டவர்கள் உரிமம் பெற்ற நிதி ஆலோசகரை அணுகுவதே முறை.

செங்காங்: சம்பளம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எந்தத் தொகையை வரவாக எழுதுவது?

கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதுங்கள். நீங்கள் 55 வயதுக்கு உட்பட்டவர் என்றால் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கு உங்கள் பங்கான 20 விழுக்காடு, அதாவது 800 வெள்ளி, முன்பே கழிந்துவிடும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் போகும் சில வெள்ளியும் கழிந்திருக்கும் என்பதால் ஊதியச் சீட்டைப் பார்த்தே எழுத வேண்டும். முதலாளி செலுத்தும் 17 விழுக்காட்டைச் சேம நிதிக்கென்று தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அதை மாத வரவோடு கலந்தால், கையில் இல்லாத பணத்தை நம்பிச் செலவு செய்வீர்கள்.

உட்லண்ட்ஸ்: எந்தச் செயலி நல்லது?

நோட்டுப் புத்தகமே போதும். முக்கியமானது, செலவை அன்றைக்கே எழுதுவதுதான். உணவங்காடியில் கைப்பேசியால் வருடிக் கட்டிய 5 வெள்ளி, வங்கிப் பதிவில் பெரும்பாலும் கடையின் பெயரில் வராது. நீங்கள் கேள்வியே படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் வரும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அது மீன் தலைக் கறியா, தம்பிக்கு வாங்கிய பேனாவா என்று உங்களுக்கே தெரியாது. மாத முடிவில் நோட்டின் இருப்பும் வங்கியின் இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், எழுதாமல் விட்ட செலவு எங்கோ இருக்கிறது.

ஜூரோங் வெஸ்ட்: கடன்பற்று அட்டைச் செலவை எந்த நாளில் எழுதுவது?

பொருள் வாங்கிய நாளில்தான். பிறகு அட்டைக் கட்டணத்தைச் செலுத்துவது வெறும் பணமாற்றம். அதையும் செலவாக எழுதினால் இரட்டிப்பாகிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். மிச்சத்துக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி ஏறும்.

புக்கிட் பாத்தோக்: சிறந்த செயலி எது?

உட்லண்ட்ஸ் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தெம்பனிஸ்: வீட்டுக்கடன் தவணையைச் சேம நிதியே கட்டிவிடுகிறது. எனக்கு வீட்டுச் செலவே இல்லை என்று எழுதலாமா?

கூடாது. வேலை போய்விட்டால் சேம நிதிக்கு வரும் சந்தா நின்றுவிடும், தவணை நிற்காது. சேம நிதியில் வீட்டுக்குப் பயன்படும் சாதாரணக் கணக்கில் இருப்பது தீர்ந்ததும் ரொக்கமாகக் கட்ட நேரும். ஆகவே அவசரகாலச் சேமிப்பைக் கணக்கிடும்போது தவணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டுக்காகச் சாதாரணக் கணக்கிலிருந்து 50,000 வெள்ளி எடுத்தால், அங்கேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 2.5 விழுக்காட்டுக் கூட்டு வட்டியோடு 10 ஆண்டில் அது ஏறத்தாழ 64,000 வெள்ளி ஆகிறது. வீட்டை விற்கும்போது அந்தத் தொகை சேம நிதிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

பொங்கோல்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அது எனக்கே திரும்பும் பணம். அதை எப்படிச் செலவு என்கிறீர்கள்?

அந்த 64,000 வெள்ளியைச் செலவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் கூடுதலாக உள்ள 14,000 வெள்ளியை வேறு எவரும் தருவதில்லை; நீங்கள் வீட்டை விற்ற பணத்திலிருந்தே அது போகிறது. கடன் பாக்கியையும் இதையும் கழித்த பிறகு எஞ்சுவதுதான் கைக்கு வரும் ரொக்கம். அடுத்த வீட்டுக்குத் திட்டமிடுபவர் இதை மறந்தால் திண்டாடுவார்.

பொங்கோல்: அப்படியானால் தவணை முழுவதும் செலவுதானா?

இல்லை, இந்த இடத்தில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தவணையில் அசலாகப் போகும் பகுதி கடனைக் குறைத்து வீட்டில் உங்கள் பங்கைக் கூட்டுகிறது, அது பணமாற்றம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தரும் கடனுக்கான 2.6 விழுக்காட்டு வட்டி திரும்பி வராது, அது செலவு. கடன் அறிக்கையைப் பார்த்து இரண்டையும் பிரித்து எழுதுங்கள். தெம்பனிஸ் அன்பர் இரண்டையுமே எழுதாமல் விட நினைத்தார் என்பதே என் ஆட்சேபம்.

ஈசூன்: வருமான வரியை ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) மூலம் 12 தவணையாகக் கட்டினால் வட்டி உண்டா?

இல்லை.

கிளமெண்டி: ஊருக்கு அனுப்பும் பணம் செலவா, சேமிப்பா?

பெற்றோரின் குடும்பச் செலவுக்கு என்றால் செலவு; உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு என்றால் பணமாற்றம். அனுப்பும் கட்டணம் இரண்டிலும் செலவுதான். ரூபாயில் எழுதாதீர்கள், இங்கிருந்து எத்தனை வெள்ளி போனதோ அதையே எழுதுங்கள்.

சுவா சூ காங்: இலவசச் செயலி ஏதாவது உண்டா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. பென்சிலும் நோட்டும் மிகவும் மலிவு.

பிடோக்: அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் வாங்கிய மளிகையைக் கணக்கில் சேர்ப்பதா?

சேர்க்க வேண்டும். 40 வெள்ளி மளிகைக்குப் பற்றுச்சீட்டில் 30 வெள்ளி கழிந்தால், செலவில் 40 என்றும் வரவில் 30 என்றும் எழுதுங்கள். வெறும் 10 என்று எழுதினால், பற்றுச்சீட்டு தீர்ந்த மாதத்தில் மளிகைச் செலவு திடீரென்று ஏறிவிட்டதாகத் தோன்றும். வீட்டில் யார் அதிகம் வாங்கினார்கள் என்று வீண் வாக்குவாதம் தொடங்கும்.